ஹல்வோர் குடித்திருக்கவில்லை

ஆஸ்தா எழுதிய நாவல் அச்சாகி வெளிவந்த வருஷம் வட டகோட்டாவில் கோதுமை முழங்கால் உயரம்கூட வளரவில்லை. முளைத்ததில் பாதியை வெயில் தின்றது, மீதியை வெட்டுக்கிளி தின்றது. உழுத மண் காற்றில் எழும்பிப் போய் வேலியோரம் மேடு மேடாகக் குவிந்து கிடந்தது. அதே வருஷம்தான் நகரத்தில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தையும் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் இழுத்து மூடினார்கள். நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு தகரப் பெட்டியையும், தன் பெயர் போட்ட புத்தகம் சிலதையும் எடுத்துக்கொண்டு அவள் பண்ணைக்கு ரயிலேறினாள்.

அப்பாவின் பண்ணை என்று பேர். ஆனால் அப்பா ஹல்வோருக்கு எழுபத்தெட்டு ஆகிவிட்டது. கண்ணில் பால் படர்ந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தது. பண்ணையை நடத்துவது அண்ணன் எர்லிங். சமையல் முதல் கோழிவரை எல்லாம் அண்ணி இங்கா கையில்.

அந்த மண்ணில் முதல் ஏர் பூட்டியவர் ஹல்வோர். நார்வேயிலிருந்து மனைவி மாரித்தையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தபோது அங்கே வேலி இல்லை, மரம் இல்லை, நிழல் என்று சொல்ல மாட்டுவண்டியின் அடிப்பக்கம் மட்டும்தான். புல்லை வேரோடு கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார். அந்த மண்வீட்டில்தான் மூன்றாவதாகத் தோரா பிறந்தாள். ஐந்தாவது குளிர்காலத்தில் அங்கேயே தொண்டை அடைப்பானில் செத்தாள்.

அப்போது ஆஸ்தாவுக்குப் பத்து வயது. அப்பா குதிரையேறி டாக்டரைக் கூட்டிவரப் போனார். போனவர் அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அம்மா மடியில் குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஆஸ்தா பனியை அள்ளி வந்து உருக்கிக் கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தாள், ஆவி பிடித்தால் தொண்டை இளகும் என்று. இளகவில்லை. குழந்தை போன பிறகுதான் பனிப்புயல் வந்தது. புயல் ஓய்ந்து அப்பா வந்து சேர்ந்தபோது, பதின்மூன்று வயது எர்லிங் வண்டிப் பலகையைப் பிரித்து ஒரு பெட்டி அடித்து முடித்திருந்தான்.

தரை பாறையாக உறைந்திருந்தது. கடப்பாரை இறங்கவில்லை. அதனால் பெட்டியைத் தானியக் கொட்டகையில் வைத்தார்கள், வசந்தம் வரை. பலகை இடுக்கு வழியாகப் பொடிப்பனி உள்ளே இறங்கும். மாரித் தினமும் காலையில் போய் மூடியைத் திறந்து குழந்தையின் முகத்திலிருந்து அதைத் துடைத்துவிட்டு வருவாள். வசந்தத்தில் புதைத்த பிறகும் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பேச்சு நின்றுவிட்டது. மறு அறுவடை முடிந்ததும் மாவட்டத்திலிருந்து வண்டி வந்து அவளை மனநோய் விடுதிக்குக் கூட்டிப்போனது. திரும்பவே இல்லை, அங்கேயே செத்துப்போனாள்.

ஆஸ்தா எழுதியது இதைத்தான். பேர்களை மாற்றியிருந்தாள். மற்றதெல்லாம் அப்படியே. அவள் பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் போய்க் கதிரடிக்கிற ஆட்களுக்குச் சமைத்துப் போட்டாள், பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா, பிறகு நகரம். எங்கே இருந்தாலும் அந்தக் குளிர்காலம் கூடவே வந்தது. நார்வே மொழியில் எழுதிப் பார்த்தாள். அம்மாவின் குரல் குறுக்கே வந்து கையைப் பிடித்தது. ஆங்கிலத்தில் எழுத வந்தது. அது வீட்டில் யாரும் அழுவதற்குப் பயன்படுத்தாத மொழி. வெளியூர்ப் பத்திரிகைகள் பாராட்டின. 'புல்வெளியின் உண்மைக் குரல்' என்று ஒன்று எழுதியது. அதை அவள் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் திரிந்ததும் உண்டு.

ஊரில் அந்தப் பாராட்டு செல்லுபடியாகவில்லை. வந்த வாரமே கடைக்குச் சர்க்கரை வாங்கப் போனாள். கடைக்காரர் மனைவி பெட்ரா தராசைத் தூக்கிப் பிடித்தபடியே ஆரம்பித்தாள்.

"வாம்மா எழுத்தாளரம்மா. என்னை எந்தப் பக்கத்துல வச்சிருக்கே? நானும் ராத்திரி பகலா தேடறேன், காணோமே."

"நீங்க அதுல இல்லை பெட்ரா அக்கா."

"இல்லையா? அடப்பாவி, உங்க வீட்டு மாட்டைக்கூட எழுதியிருக்கே. நான் அந்த மாட்டுக்கும் கீழே போயிட்டேனா?" என்று சிரித்தாள். சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா அன்னிக்கு டவுன்ல எங்க இருந்தார்னு இந்த ஊர்ல தெரியாதவங்க யாரு? முப்பத்தஞ்சு வருஷமா எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தோம். நீ ஏண்டி அதைக் கிளறினே?"

எல்லாருக்கும் தெரிந்த சேதிதான் அது. புயல் வந்தது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் வழி திறந்தேதான் கிடந்தது. ஹல்வோர் அந்த இரண்டு நாளும் டவுனில் குதிரைக் கொட்டகையின் பின்னறையில் இருந்தார். சாராயம் விற்கக் கூடாத மாநிலம். அதனால் பின்னறையில் விற்றார்கள். குடித்துவிட்டு அங்கே விழுந்து கிடந்தார் என்று ஊர் முடிவு கட்டியது. ஆஸ்தா அதையும் எழுதியிருந்தாள்.

எர்லிங் புத்தகத்தைப் படிக்கவில்லை. இங்கா படித்துச் சொல்லியிருந்தாள். ஒரு வாரம் அவன் ஆஸ்தாவிடம் உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசவில்லை. பிறகு ஒரு சாப்பாட்டு நேரத்தில் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பெட்டியை அடிச்சது நான்."

"தெரியும்ணா."

"ஆணி பத்தலை. பழைய ஆணியைக் கல்லுல வச்சு நிமித்தி நிமித்தி அடிச்சேன். அதையும் எழுதிட்டியாமே. நான் இங்காகிட்டகூடச் சொன்னதில்லை. முன்னேபின்னே தெரியாதவன் ரயில்ல உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டே படிக்கணுமா அதை?"

மேசையின் மறுகோடியில் அப்பா ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தார். காது கூர்மை அவருக்கு.

மறுநாள் மத்தியானம் எர்லிங்கும் இங்காவும் கன்றுகளுக்கு முட்செடி வெட்டப் போயிருந்தார்கள். வைக்கோல் இல்லாத வருஷத்தில் அதைத்தான் கால்நடைக்குப் போட்டார்கள். வெளியே தூசி பறந்ததால் ஜன்னல்களில் ஈரத் துணி கட்டியிருந்தது. அப்பா அடுப்பருகே நாற்காலியில் இருந்தார்.

"ஆஸ்தா, அந்தப் புஸ்தகத்தை எடுத்துட்டு வா. எனக்குப் படிச்சுக் காட்டு."

"இங்கிலீஷ்ல இருக்குப்பா."

"உனக்கு நம்ம பாஷை மறந்து போச்சா? படிச்சு, நம்ம பாஷையில சொல்லு."

தட்டிக் கழித்துப் பார்த்தாள். அவர் விடவில்லை. அன்றிலிருந்து மத்தியானம்தோறும் படித்தாள். ஒரு வரியைக் கண்ணால் ஆங்கிலத்தில் வாங்கி வாயால் நார்வே மொழியில் விட்டாள். அவருக்குப் பிடித்திருந்தது. கப்பலில் வந்த கதைக்குச் சிரித்தார். முதல் உழவு வரும் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"காளை பேரு தப்பு. அதுக்குப் பேரு பிராண்ட். நெத்தியில சுழி இருந்ததே, அது."

"பேரெல்லாம் மாத்தித்தான்பா எழுதியிருக்கேன்."

"மனுஷன் பேரை மாத்து. காளை பேரை எதுக்கு மாத்தணும்? அது உன்மேல கேஸா போடப்போகுது?"

இருவரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அதனாலேயே அந்தக் குதிரைக் கொட்டகை அத்தியாயம் நெருங்க நெருங்க அவள் ஒரு நாளைக்கு இரண்டே பக்கம் என்று குறைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவர் குதிரையேறிப் போகும் இடம்வரை படித்தாள். பின்பு சில பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினாள். "புயல் ஓய்ந்ததும் அவன் வீடு வந்து சேர்ந்தான்" என்று தொடங்கினாள்.

அப்பா கை உயர்த்தினார். "நடுவுல ரெண்டு நாளைக் காணோமே."

அவள் புத்தகத்தை மூடப் போனாள்.

"பக்கம் புரட்டற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? எர்லிங் சொன்னதும் கேட்டுது, பெட்ரா சொன்னது ஊர் சுத்தி வந்து அதுவும் கேட்டுது. படி."

படித்தாள். அந்த மனிதன் கொட்டகைப் பின்னறையில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து குடிப்பதை, இன்னொன்று ஊற்றச் சொல்வதை, தரையில் சாய்வதை, குதிரை வெளியே நின்று விறைப்பதை. எழுதியபோது அவள் வெகுவாக ரசித்துச் செதுக்கிய பக்கங்கள் அவை. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் பல்லில் மண் போல நெருடியது. படித்து முடித்து நிமிர்ந்தாள். அடிப்பார் என்றுகூட நினைத்தாள்.

"நான் குடிக்கலை" என்றார் அவர்.

"அப்பா, ஊரெல்லாம்..."

"ஊர் சொல்லும். ஒரு சொட்டு குடிக்கலை." குரல் உயரவில்லை. "டாக்டர் வீட்டுல இல்லை, தூரத்துப் பண்ணைக்குப் பிரசவம் பாக்கப் போயிருந்தான், புயல் ஓயறவரை திரும்பலை. அவன் பொண்டாட்டி ஒரு பாட்டில் கொடுத்தா. தொண்டையில தடவற மருந்து. உடனே கொண்டு போங்க, அவர் வந்ததும் பின்னாலயே அனுப்பறேன்னா. வாங்கிச் சட்டைக்குள்ள வச்சேன், உறைஞ்சுடக்கூடாதுன்னு. குதிரைக்குத் தண்ணி காட்டத்தான் கொட்டகைக்குள்ள போனேன். பின்னறையில கணப்பு எரிஞ்சுது. நார்வேயில எங்க பள்ளத்தாக்குக்காரன் ஒருத்தன் நம்ம ஊர்ப் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தான். உக்காந்தேன்."

அவர் முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போனா அது மூச்சுக்கு அலையறதைப் பாக்கணும். பொறப்படும்போதே பாத்துட்டேனே. அந்தச் சத்தம். என்னால இன்னொரு தடவை முடியலை ஆஸ்தா. இந்தப் பாட்டு முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் விடியட்டும்னு இருந்தேன். விடிஞ்சப்புறம் இப்ப எப்பிடிப் போய் நிக்கறதுன்னு இருந்தேன். கிளாசை நீட்டினானுங்க, வேண்டாம்னுட்டேன். நல்ல நெனவோட, ரெண்டு நாள். அப்புறம் புயல் வந்துது. எனக்கு... நிம்மதியா இருந்துச்சு. இனிமே போக முடியாதே."

அடுப்பில் ஏதோ சரிந்தது.

"பாட்டிலை உங்கம்மாகிட்டதான் கொடுத்தேன். கையில வாங்கினா. என் உடம்புச் சூட்டுல வெதுவெதுன்னு இருந்துச்சு. பாட்டிலைப் பாத்தா, என் மூஞ்சியைப் பாத்தா. என் வாயை மோந்துகூடப் பாத்தா. வாடை இல்லை. அதுக்கப்புறம் அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை."

ஆஸ்தா புத்தகத்தில் அம்மாவின் மனம் கலங்கியதற்குக் காற்றைக் காரணம் சொல்லியிருந்தாள். எல்லையில்லாத வெளியும் ஓயாத காற்றும் ஒரு பெண்ணை எப்படித் தின்னும் என்று ஒரு முழு அத்தியாயம். பத்திரிகைகள் அதைத்தான் எடுத்துப் போட்டிருந்தன.

"குடிகாரன்னு எழுதி என்னைக் காப்பாத்திட்டே" என்றார் அவர். "குடிகாரனை மன்னிச்சுடலாம். மாத்தி எழுது."

"அச்சாயிடுச்சுப்பா. மாத்த முடியாது."

"அப்ப என்ன எழுத்து அது?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. உடைந்த கலப்பையைப் பார்த்து இது எதற்கு ஆகும் என்று கேட்பது போலக் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வருகிறேன் என்றார். பார்வை மங்கியபிறகு வருவதை நிறுத்தியிருந்தார். எர்லிங்குக்குச் சந்தோஷம், தானே அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான். அவர்கள் சபையில் போதகர் பேசி முடித்த பிறகு, மனதில் உள்ளதைச் சொல்ல யார் வேண்டுமானாலும் எழுந்து நிற்கலாம். பெரும்பாலும் மழைக்காக ஜெபிப்பார்கள், யாராவது கால்வலி குணமானதற்கு நன்றி சொல்வார்கள். அன்றைக்கு ஹல்வோர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆஸ்தாவிடம் சொன்னதை அதே வரிசையில் சொன்னார். பாட்டிலைச் சொன்னார், பாட்டைச் சொன்னார், புயல் வந்தபோது தனக்கு நிம்மதியாக இருந்ததையும் சொன்னார்.

யாரும் திரும்பவில்லை. எல்லாரும் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்தாவுக்குப் பக்கத்தில் இங்காவின் கையுறை கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை. அப்பா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். போதகர் ஆர்கன் வாசிக்கிற பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டு தொடங்கியது. சபையே எழுந்து நின்று பாடியதில் அவர் நிற்பது தெரியாமல் போயிற்று.

ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி. வழக்கம்போல வெயிலைப் பற்றியும், கால்நடையைப் பற்றியும் பேசினார்கள். ஹல்வோர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பெட்ரா மட்டும் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவர் விரல்களை விரித்து அதில் பொருத்தினாள்.

"குடிங்க பெரியவரே, ஆறிடும்." அவள் கண் கலங்கியிருந்தது. வேறு எதுவும் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு வந்தது போலிருந்தது. படியேறும்போது ஆஸ்தாவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"என்னப்பா சொல்லணும்?"

"ஏதாவது."

மறுநாள் காலை எர்லிங் ஆஸ்தாவின் தகரப் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தான்.

"அண்ணா, அது அவரா செஞ்சது. நான் சொல்லலை."

"தெரியும். நீ ஒண்ணுமே செய்யலை. வந்தே, மத்தியானம் மத்தியானம் அவர் பக்கத்துல உக்காந்து படிச்சே. அவ்வளவுதான்." அவன் பெட்டியின் கொக்கியை அழுத்தி மாட்டினான். "அந்தக் கிழவர் இத்தனை வருஷமா அதை எங்கேயோ வச்சுப் பூட்டிட்டு உழுதுக்கிட்டு இருந்தார். நானும் அப்படித்தான் உழுதுக்கிட்டு இருக்கேன். இனிமே நாங்க எப்பிடிச் சேர்ந்து உக்காந்து சாப்பிடறது, சொல்லு? உனக்கு நகரம் இருக்கு, காகிதம் இருக்கு. எங்களுக்கு இந்த மேசை ஒண்ணுதான்."

அப்பா நாற்காலியில் இருந்தார். அவள் குனிந்து அவர் கன்னத்தைத் தொட்டபோது, "காளை பேரையாவது மாத்தச் சொல்லு" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நகரத்தில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்தது. பெண்கள் பக்கம்: கறை போக்குவது எப்படி, முட்டையில்லாமல் கேக் செய்வது எப்படி. புத்தகம் இரண்டாம் தடவை அச்சுக்குப் போகப் போவதாகக் கேள்விப்பட்டதும், அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுதிப் பதிப்பாளருக்கு எடுத்துப் போனாள். அதற்குமுன் அவள் எழுதிய எதையும்விட அது நன்றாக இருந்தது. ஒரு மனிதன், அருகே நிரம்பிய கிளாஸ், அவன் அதைத் தொடவில்லை. பதிப்பாளர் மரியாதையாகப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசகர்கள் இதை ஏத்துக்க மாட்டாங்க. குடிச்சவன் வீட்டுக்குப் போகலைன்னா நியாயம் இருக்கு. குடிக்காதவன் ஏன் போகலைன்னு கேப்பாங்களே?"

"அதுதான் கதை."

"இருக்கலாம். ஆனா முதல் பதிப்பையே ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கே" என்று தாள்களைச் சேர்த்துத் தட்டி அவள் பக்கம் நகர்த்தினார். புத்தகம் பழையபடியே அச்சாயிற்று. அதில் ஹல்வோர் இன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் கிடக்கிறார்.

அடுத்த கோடையில் அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகுதான் தந்தி வந்தது.

அதற்கும் ஒரு வருஷம் கழித்து இலையுதிர் காலத்தில் எர்லிங் அவள் அறைக் கதவைத் தட்டினான். கடைசி மாடுகளைச் சந்தையில் தள்ளிவிடச் சரக்கு ரயிலில் கூடவே வந்திருந்தான். கோட்டில் மாட்டு வாடை. பண்ணையை விட்டுவிட்டு மேற்கே, ஆப்பிள் பறிக்கிற ஊருக்குப் போகிறார்களாம். அவள் காபி போட்டாள். அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அறையைப் பார்த்தான்: ஒற்றைக் கட்டில், மேசை, தட்டச்சு இயந்திரம்.

"அப்பா எப்படிண்ணா போனார்?"

"தூசி நெஞ்சை அடைச்சிடுச்சு. மூச்சுக்கு அலைஞ்சார்." கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். "நான் கூடவே இருந்தேன். எழுந்திரிச்சுப் போகலாம்னு எனக்கும் தோணிச்சு ஆஸ்தா. பத்துத் தடவை தோணிச்சு. கதவு வரைக்கும் போனேன்."

"ஆனா போகலை."

"போகலை."

"என்னைக் கேட்டாரா?"

எர்லிங் பொய் சொல்லத் தெரியாதவன். "இல்லை. தோராவையும் சொல்லலை, அம்மாவையும் சொல்லலை. தண்ணி கேட்டார். கொடுத்தேன்."

அவன் அழவில்லை. அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் பாத்திரத்தை எடுத்து வைத்தாள். ரயிலுக்கு நேரமாயிற்று. வாசலில் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டவன் தயங்கினான்.

"அங்க எங்களை யாருக்கும் தெரியாது. இங்காவுக்கு அதுதான் பெரிய ஆறுதல்." பிறகு கெஞ்சுவது போல, "இனிமே எங்களைப் பத்தி எழுதாதேம்மா" என்றான்.

"எழுத மாட்டேன்ணா."

கொடுத்த வாக்கை ஆஸ்தா காப்பாற்றினாள். மேசை முன் உட்கார்ந்து, வேறு ஊரை, வேறு மனிதர்களை எழுதிப் பார்த்தாள். ஒரு கடலோர ஊர், ஒரு டாக்டர் குடும்பம், ஒரு காதல். ஒவ்வொன்றும் சில பக்கங்களுக்குமேல் நடக்கவில்லை. எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் உள்ளே அந்த மண்வீடே இருந்தது. இரண்டாம் புத்தகம் எங்கே என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் மெல்லக் கேட்பதை விட்டார்கள். அவள் இன்னும் முப்பது வருஷம்போல உயிரோடிருந்தாள். வாரம் தவறாமல் பெண்கள் பக்கத்துக்கு எழுதினாள். புழுதிக் காலத்தில் ஜன்னல் திரையை எப்படி அலசினால் மண் படியாது என்று அவள் எழுதியதை நிறையப் பேர் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள்.